எடித்துக்காகப் போட்ட கூடாரம்

எங்கள் தாமான் குடியிருப்பில் கல்யாணம் என்றால், மண்டபத்துக்கு அடுத்தபடியாகத் தேதி சொல்லி வைப்பது என் அண்ணியிடம்தான். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு சின்னக் கடையில் அவர் சேலைகளுக்கு மடிப்பு எடுத்துத் தருகிறார். முந்தானையையும் கொசுவத்தையும் முன்கூட்டியே மடித்து, கிளிப் மாட்டி, இஸ்திரி போட்டு, பெட்டி போல் அடுக்கிக் கொடுத்துவிடுவார். மணப்பெண் பிரித்துச் சுற்றிக்கொண்டால் போதும்.

முதல் தடவை கடைக்கு வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்குவார்கள். உள்ளே நிற்பவர் உயரமான கறுப்பினப் பெண். தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருப்பார். வந்தவர்கள் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். அண்ணி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அக்கா, பட்டா, சில்க் காட்டனா? பட்டுன்னா ஃபால்ஸ் தைச்சிட்டுக் கொண்டாங்க லா, அப்பதான் மடிப்பு நிக்கும்" என்பார்.

அவர் பெயர் வெர்னா. என் அண்ணன் விமலன் உல்லாசக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தபோது, அதே கப்பலின் சலவைப் பிரிவில் இருந்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து பத்து வருடம் ஆகப்போகிறது. அண்ணன் இப்போது போர்ட் கிள்ளானில் இழுவைப் படகில் இருக்கிறார். அண்ணி வந்த புதிதில் அம்மா யாரிடமும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "அந்தப் புள்ள" என்றுதான் சொல்வார். அந்தப் புள்ள என்னைவிட உறைப்பு சாப்பிடுது, அந்தப் புள்ள மீன் தலையை விட மாட்டேங்குது என்றெல்லாம் சித்தியிடம் போனில் புகார் போகும். பிறகு ஒரு வருடம் அம்மா டெங்கிக் காய்ச்சலில் படுத்தார். அப்போது எனக்குப் பரீட்சை, அண்ணன் கடலில். ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரி, கஞ்சி ஊட்டி, வீட்டுக்கு அழைத்து வந்தவர் அண்ணிதான். நான் நிம்மதியாகப் பரீட்சை எழுதினேன். அதன் பிறகு "எங்க வெர்னா" ஆகிவிட்டார்.

கடையில் அவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஊரைப் பற்றியது. ஒரு முறை நானும் உடனிருந்தேன். பண்டமாரானிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாள், பேத்தியின் சேலையை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாத் தமிழ் பேசுறியே. எந்த எஸ்டேட்டும்மா உங்களுக்கு?"

"பருத்தி எஸ்டேட், ஆன்டி."

"பருத்தியா? நம்ம நாட்டுல அது எங்க இருக்கு?"

"இங்க இல்ல. கேரியாக்கூன்னு ஒரு தீவு. வெஸ்ட் இண்டீஸ் பக்கம். எங்க ஆளுங்கள ஆப்பிரிக்காவுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்து எறக்கினாங்க."

"நம்மளையும் கப்பல்லதான் கொண்டாந்தான் வெள்ளக்காரன்."

"உங்களுக்குச் சம்பளம்னு ஏதோ கொஞ்சம் குடுத்தான் ஆன்டி. எங்களுக்கு அதுவும் இல்ல."

அந்த அம்மாள் "பாவிப்பயலுங்க" என்றார். பிறகு சேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

கேரியாக்கூவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கிரெனேடா என்ற நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் மூன்று. அவற்றில் இரண்டாவது பெரியது இது. பெரியது என்று சொன்னாலும் முப்பத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை ஒன்பதாயிரத்துக்குப் பக்கம். எங்கள் தாமானையும் பக்கத்துத் தாமானையும் அடுக்குமாடிகளோடு சேர்த்தால் அதைவிட அதிகம் வரும். தீவில் ஆறு கிடையாது. மழைநீரைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்துத்தான் வருடம் முழுக்கக் குடிப்பார்கள், குளிப்பார்கள். வெயில் காலம் வந்தால் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அவை மலைச்சரிவில் தாமே மேய்ந்து திரியும். ஒரு கிராமத்தில் ஸ்காட்லாந்து வம்சத்தினர் இன்னமும் கடற்கரையிலேயே மரப்படகு கட்டுகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அண்ணியைப் போல ஆப்பிரிக்க வம்சம். ஆப்பிரிக்காவில் எந்த இனத்திலிருந்து வந்தோம் என்று பல குடும்பங்களுக்குத் தெரியும். பெரிய மேளம் வைத்து ஆடும்போது ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தாளம் உண்டாம். ஊரில் இருப்பவர்களைவிட லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டவர்கள்தான் அதிகம் என்று அண்ணி சொல்வார்.

ஊரைவிட்டுப் போகாதவர்களில் ஒருவர் எடித், அண்ணியின் அக்கா. அவர்களுடைய அம்மா வேலைக்காக லண்டன் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு வளர்த்தது எடித்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகரக் கூரை போட்ட பலகை வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சில ஆடுகள், இவ்வளவுதான் அவர் சொத்து.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீடியோவில் வருவார். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒரே மணி காட்டும், பகலும் இரவும் மட்டும் மாறியிருக்கும். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எடித்துக்குத் தமிழ் வராது. ஆனாலும் அண்ணியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அம்மா குழம்புச் சட்டியைக் காட்டுவார். எடித் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் காட்டுவார். "இளைச்சிட்ட எடித்து, நல்லாச் சாப்பிடு" என்று அம்மா அதட்டுவார். எடித் ஏதோ பதில் சொல்லிச் சிரிப்பார். அது ஒரு தனி உறவு.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூலை முதல் நாள் பெரில் புயல் கேரியாக்கூவின் மேல் ஏறியது.

மறுநாள் காலை செய்தியில் பார்த்தோம். மேலிருந்து எடுத்த படத்தில் தீவு முழுக்கப் பழுப்பாக இருந்தது. மரங்களில் இலை இல்லை, வீடுகளில் கூரை இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துவிட்டன. அண்ணி எடித்தின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தார். மணியே போகவில்லை. லண்டனில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் தகவல் இல்லை. இறந்தவர்கள் சிலர் என்று மட்டும் செய்தி சொன்னது, பெயர்கள் சொல்லவில்லை.

அண்ணி அழவில்லை. "சனிக்கிழமை கல்யாணச் சேலை இருக்கு" என்று கடைக்குப் போனார். வீட்டில் ஒரே ஒரு கட்டளை போட்டார். தன் போனுக்கு யாரும் கூப்பிடக் கூடாது, செய்தியும் அனுப்பக் கூடாது, லைன் சும்மா இருக்க வேண்டும். எது சொல்வதானாலும் நடந்து வந்து சொல்லலாம். வாட்சப் குழுக்களை மூடி வைத்துவிட்டு, போனை இஸ்திரி மேசைமேல் எதிரிலேயே வைத்துக்கொண்டு மடிப்பு எடுத்தார். நான் மாலையில் போய் நின்றால், "சாப்பிட்டியா மலர்?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அம்மா சும்மா இருப்பவர் இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மலர், எடித்தோட போட்டோ ஒன்னு பிரிண்ட் போட்டுக் குடு."

"எதுக்கும்மா?"

"வெறும் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டா அம்மனுக்கு எந்த எடித்துன்னு தெரிய வேணாமா? அந்த ஊர்ல எத்தன எடித்து இருக்காளோ."

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பதிப்பகத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மலாய்க்கும் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். மதிய இடைவேளையில் பக்கத்துப் படக்கடையில் போட்டு வாங்கினேன். எடித் ஆட்டுக்குட்டியோடு சிரிக்கும் படம். ஆட்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார் கடைக்காரர். அம்மா அதைச் சாமி மேடையில் அம்மன் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். எதிரில் விளக்கு எரிந்தது. அம்மனுக்குப் போட்டது போக மல்லிகை கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை எடித் படத்தின்மேல் வைத்தார். அண்ணி பார்த்துவிட்டு, "அழகா இருக்கு அத்தை" என்றார். எனக்கும் அம்மாவுக்கும் அதில் வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் குமுதா ஆன்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்லதோ கெட்டதோ, தாமானில் முதல் ஆளாக நிற்பவர் அவர். மகளிர் வாட்சப் குழுவையும் அவர்தான் நடத்துகிறார். வாங்கிப் போன இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். அப்போது நடந்ததை அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வெர்னா எப்படி இருக்கா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"என்னத்தச் சொல்ல குமுதா. அழவே மாட்டேங்குறா. எந்நேரமும் வேலையிலேயே இருக்கா."

குமுதா ஆன்டி திரும்பிப் பார்த்திருக்கிறார். சாமி மேடையில் படம், பூ, விளக்கு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டிருக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்பது முறையில்லை என்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மா காப்பி போட்டு வருவதற்குள் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டவர், காப்பியும் குடிக்கவில்லை. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமலேயே எழுந்து போய்விட்டார். "இவ ஏன் ஒரு வார்த்த சொல்லாம போறா, கோவமா?" என்று யோசித்துக்கொண்டே அம்மா மருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அன்று மாலை கொமுட்டர் ரயிலிலிருந்து இறங்கி, நடந்து சந்து முனைக்கு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வெளிர்நிற உடையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரயிலில் வரும்போது எடித்தைப் பற்றித் தகவல் வந்துவிட்டது என்று நினைத்தேன். பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். குழுவில் எடித்தின் படம், தாமரைப் பூ, எரியும் குத்துவிளக்கு. 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் வீட்டு முகவரி.

கூடாரக்காரர் நாகையா என்னைப் பார்த்துவிட்டார். "வாம்மா. மனசத் தைரியமா வச்சுக்க."

உள்ளே ஓடினேன். அம்மா அப்போதுதான் தூங்கி எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு வீட்டுல மலர்? எதிர் வீட்டுப் பெரியவரா? நம்ம வாசல்ல கெனப்பி போட்டிருக்கானுங்களே, ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

"அம்மா, எடித்தப் பத்திப் போன் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு!"

போனைக் காட்டினேன். அம்மா படித்தார். பிறகு தலைமுடியைக்கூடச் சரியாக முடியாமல் வாசலுக்குப் போனார்.

"குமுதா! யாருடி செத்தா?"

குமுதா ஆன்டி அழுத கண்ணோடு நிமிர்ந்தார். "என்ன லெட்சுமி, நீதான போட்டோவுக்குப் பூ வச்சு வெளக்கேத்தி இருந்த?"

"வெளக்கு அம்மனுக்குடி!"

"பூவு?"

"மிச்சம் இருந்துச்சு, வச்சேன்!"

"நான் உன் கையப் புடிச்சு அழுதேனே, அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"நீ உன் மருமகள நெனச்சு அழுவுறன்னு நெனச்சேன்!"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நாகையா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "அப்ப பிரிச்சிடவா?"

"சீக்கிரம் பிரிங்கண்ணே!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணி வரும் நேரம். அவர் இதைப் பார்க்கக் கூடாது. வராதீர்கள் என்று சொல்ல அவருடைய போனுக்கும் கூப்பிட முடியாது. கடைக்கே ஓடலாம் என்று செருப்பை மாட்டினேன். நிமிர்ந்தபோது அண்ணி சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார்.

தோளில் பை, கையில் போன். கூடாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பத்து வருடத்தில் இந்தத் தாமானில் எத்தனையோ துக்கத்துக்குப் போய் அவரும் இப்படி உட்கார்ந்திருக்கிறார். கூடாரம் எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெல்ல நடந்து என்னிடம் வந்தார்.

"யாருக்குப் போன் வந்துச்சு மலர்?"

தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, போனைத் தூக்கித் திரையைப் பார்த்தார். அதற்குள் குமுதா ஆன்டி ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, உங்க அக்கா சாகல. யாரும் ஒன்னும் சொல்லல. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுப் போஸ்டர் போட்டுட்டேன். நாந்தான் சாகணும்!"

"போன் வரலையா?"

"வரவே இல்ல."

அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். புயல் அடித்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குமுதா ஆன்டியை முறைத்தார். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கொண்டுவந்த சீனி, டீத்தூள், பால், பிஸ்கட் டின்களை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். சிலர் நழுவப் பார்த்தார்கள்.

"போகாதீங்க" என்றார் அண்ணி. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல புயல் வருதுன்னா எல்லாரும் யாராச்சும் ஒருத்தர் வீட்டுல போய்ச் சேந்து உக்காருவோம். தனியா இருக்கக் கூடாது. நான் இத்தன நாளா இங்க தனியா உக்காந்திருந்தேன். வந்துட்டீங்க இல்ல, இருங்க."

நாகையா கீழே வைத்த நாற்காலியை மறுபடி வரிசையில் போட்டார். "சனிக்கிழம வரைக்கும் கெனப்பிக்கு வேற புக்கிங் இல்ல. இருக்கட்டும் வெர்னா. காசப் பத்திப் பேசாத."

இப்படியாக எங்கள் வீட்டு வாசலில் காத்திருக்கும் கூடாரம் ஒன்று உண்டாயிற்று. குமுதா ஆன்டி குழுவில் வேறொரு செய்தி போட்டார்: 'முந்தைய அறிவிப்பு தவறு. எடித் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறோம். முடிந்தவர்கள் வந்து உட்காரவும்.' முந்தைய அறிவிப்பு யார் மூலமோ எட்டி, வேலையிலிருந்து ஓடி வந்த என் அண்ணனை வாசலிலேயே பிடித்து உட்கார வைத்து டீ கொடுத்தார்கள்.

பெண்கள் கேட்கக் கேட்க அண்ணி சொன்னார். அந்தத் தீவில் எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் கடைத்தெரு, அக்காவின் வீடு சரிவில் எங்கே இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும். எடித் பிடிவாதக்காரி, ஆடுகளை விட்டுவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போயிருப்பாளோ மாட்டாளோ என்பதுதான் பயம். கூரை போயிருந்தால் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்திருக்கும், குடிக்க என்ன செய்வாள். பத்து வருடமாக அண்ணியிடம் சேலை மடித்து வாங்கியவர்கள், அதுவரை ஒரு வரி மட்டுமே தெரிந்திருந்த ஊரை அன்றுதான் முழுதாகக் கேட்டார்கள். "கம்பம் மாதிரிதான், சின்னக் கிராமமா இருக்கும்போல" என்றார் ஒருவர். "ஆறே இல்லாம எப்படிடி இருக்குறாங்க" என்று இன்னொருவர் வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாதவர்கள் மறுபடி வந்தார்கள். நானும் விடுப்பு எடுத்திருந்தேன். அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் அடித்தது. தெரியாத எண். அண்ணி அதைப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை. "எடும்மா!" என்று கூடாரமே கத்தியது.

எடுத்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமான அந்தக் கரகரப்புக் குரல், வெர்னா, வெர்னா என்று கூப்பிட்டது.

கூரை போய்விட்டது. சுவர் ஒன்று நிற்கிறது. எடித் பக்கத்து கான்கிரீட் வீட்டுக் குளியலறையில் நான்கு பேரோடு ஒண்டிக்கொண்டிருந்து தப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கால் முறிந்திருந்ததால், அவளோடு படகில் பெரிய தீவுக்கு வந்து, அங்கே ஒருவரிடம் போன் இரவல் வாங்கிப் பேசுகிறார். ஆடுகளில் மூன்று தேறின. அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் எங்களுக்குச் சொன்னார், அழுகையும் சிரிப்புமாக. ஆடு மூன்று என்றதும் பெண்கள் கை தட்டினார்கள்.

பிறகு வீடியோவில் வந்தார் எடித். அங்கே இரவு. நெற்றியில் பிளாஸ்திரி. திரையில் கூடாரத்தையும் கூட்டத்தையும் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, அங்கே யார் செத்தது என்று கேட்டார்.

"நீதான்" என்றார் அண்ணி.

நடந்ததை முழுதாகச் சொன்னார். எடித் சிரித்த சிரிப்பில் திரை குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு ஏதோ கேட்டார்.

"என்னவாம், என்னவாம்?" என்றார் குமுதா ஆன்டி.

"எத்தன பேரு வந்தாங்க, எங்க ஊரு சாவு வீடு மாதிரி ரம் வச்சாங்களான்னு கேக்குறா."

"டீயும் பிஸ்கட்டும்தான்னு சொல்லு" என்றார் அம்மா. "அடுத்த தடவ பாத்துக்கலாம்னு சொல்லு."

குமுதா ஆன்டி போனை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சாரி சிஸ்டர், சாரி சிஸ்டர் என்று கும்பிட்டார். எடித் சிரிப்பதை நிறுத்தினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் மொழிபெயர்த்தேன். என் தொழிலே அதுதான். ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை.

"குளியலறையில் உட்கார்ந்திருந்தபோது என் உயிரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வெர்னா அந்தப் பக்கம் தனியாக இருப்பாளே என்றுதான் நினைத்தேன். நீங்கள் எல்லோரும் அவளோடு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது?"

சொல்லி முடித்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். குமுதா ஆன்டி மூக்கை உறிஞ்சினார்.

மிச்சமிருந்தது சாமான் பிரச்சினை. துக்க வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்றார் குமுதா ஆன்டி. துக்கமே இல்லையே என்றார் அம்மா. இருந்தாலும் கூடாது என்றார் அவர். கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அண்ணி எழுந்து சீனியையும் பாலையும் உள்ளே எடுத்துப்போய் அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றினார். சேமியா எங்கள் வீட்டில் இருந்தது.

போனை நாற்காலியில் நிமிர்த்தி வைத்திருந்தோம். இரவல் போன், பேட்டரி தீரப்போகிறது என்று எடித் சொன்னார். ஆனால் வைக்கவில்லை. பாயாசத்தைக் கப்பில் ஊற்றி அண்ணி ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கிடைத்ததா என்று அந்தப் பக்கமிருந்து எடித் கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைத்தது என்று நான் சொன்னேன். அப்படியென்றால் சாப்பிடுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். நாங்கள் சாப்பிட்டோம்.